எஸ்கார்ட் வரவில்லை

அந்த நோட்டு இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சமூக அறிவியல் நோட்டு, முதல் பத்துப் பக்கத்தில் உண்மையிலேயே சமூக அறிவியல்தான் இருக்கிறது, அதற்கப்புறம் கையெழுத்து மாறுகிறது. தேதி, கிழமை, போன் வந்த நேரம், அவர் என்ன சொன்னார் என்பது. அந்தப் பிள்ளையின் அம்மா எழுதியது, போனில் பேசியது முகாமில் அடைபட்டிருக்கும் அவர் கணவர். நடுவில் வரிக்கு வரி ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: 'எஸ்கார்ட் வரயில்லையாம்.' எண்ணிப் பார்த்தேன், ஏழு மாதத்தில் பதினொரு தடவை.

நான் வேலூரில் பதினான்கு வருடமாக வக்கீல். சத்துவாச்சாரி கோர்ட்டில் விபத்து இழப்பீடு, ஜாமீன், குடும்ப வழக்கு என்று ஓடிக்கொண்டிருப்பவள். அகதிகள் வழக்கு எதையும் அதுவரை தொட்டதில்லை. என் பழைய கட்சிக்காரர் ஒருவர்தான் அந்த அக்காவைக் கூட்டிவந்தார். எங்கள் மாவட்டத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறவர். பெயர், முகாம், ஊர் எதையும் எழுதப் போவதில்லை, அக்கா என்றே எழுதுகிறேன். எழுதச் சம்மதம் கேட்டபோது, 'எழுதுங்கோ பிள்ளை, ஆனா அவற்ற பேர் வேண்டாம்' என்றார்.

அவருடைய கணவர் கடல் வழியாக ஆஸ்திரேலியாவுக்குப் போகப் பார்த்து, படகு ஏறும் முன்பே பிடிபட்டவர். வழக்கு போட்டார்கள், ஜெயிலுக்குப் போனார், ஜாமீன் கிடைத்தது. ஜாமீன் கிடைத்த அன்றே, ஜெயில் வாசலை முழுதாகத் தாண்டுவதற்குள், வேறொரு உத்தரவைக் காட்டி, வெளியே விடாமல் அடைத்து வைக்கும் சிறப்பு முகாமுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். இது அவருக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள், சிறப்பு முகாம் என்ற ஏற்பாடு 1990க்குப் பிறகு இப்படித்தான் நடந்துவருகிறது. 1946ஆம் வருடத்து அயல்நாட்டவர் சட்டத்தில் மூன்றாம் பிரிவு, 'இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும்' என்று ஒரு வெளிநாட்டவருக்கு உத்தரவு போட அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. கோர்ட் தண்டனை கொடுக்கத் தேவையில்லை, கால வரையறையும் கிடையாது. அந்தச் சட்டம் போய் 2025இல் புதுச் சட்டம் வந்துவிட்டது, அதிகாரம் அப்படியே இருக்கிறது.

முதல் நாள் அக்கா பேசியபோது ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. 'அவருக்கு வருத்தம் கூடிப் போச்சு பிள்ளை, ராவில மூச்செடுக்க ஏலாமக் கிடக்காம்' என்றார். நான் குறிப்பேட்டில் 'கணவர் மிகுந்த மன வருத்தத்தில் இருக்கிறார்' என்று எழுதிக்கொண்டேன். பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். நோயாளியை வருத்தக்காரர் என்பார்கள். ஒரே மொழி பேசுகிற நானே இவ்வளவு தவறாகக் கேட்டிருக்கிறேன் என்றால், முகாமில் வரிசையாக நிற்க வைத்து ஒரு நிமிடத்துக்கு ஒருவர் என்று பார்க்கும் இடத்தில் எத்தனை வருத்தம் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று அன்று ராத்திரி முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நோய் இதுதான். சர்க்கரை பல வருடமாக. அதோடு பி.பி. பிடிபடும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 2.1 என்று இருந்தது, சாதாரணமாக ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது. அப்போதே சிறுநீரக டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். முகாமுக்குப் போய் ஒன்றரை வருடம் கழித்து, கால் வீங்கி முகம் வீங்கிய பிறகு எடுத்ததில் 4.6. அங்கே பார்த்த டாக்டர் நல்லவர், உடனே சிறுநீரகப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டின் நகல் என்னிடம் இருக்கிறது, 'அவசரம்' என்று அடிக்கோடு போட்டிருக்கிறார். அந்தச் சீட்டு எழுதிய நாளில் இருந்துதான் நோட்டில் 'எஸ்கார்ட் வரயில்லையாம்' ஆரம்பிக்கிறது.

எஸ்கார்ட் என்றால் வழிக்காவல். காவலில் இருப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆயுதப்படையில் இருந்து இரண்டு மூன்று போலீஸ்காரர்கள் வர வேண்டும், வண்டி வேண்டும். அன்றைக்கு அமைச்சர் வருகை என்றால் ஆள் இல்லை, கோயில் திருவிழா என்றால் ஆள் இல்லை, கட்சி ஊர்வலம் என்றால் ஆள் இல்லை. சிறுநீரகப் பிரிவின் ஓ.பி. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான். அந்த நாள் தவறினால் அடுத்த வாரம். ஒருமுறை எஸ்கார்ட் வந்தது, ஆனால் பதினொன்றரைக்கு மேல் வந்தது, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது சீட்டு கொடுக்கும் கவுன்டர் மூடியாகிவிட்டது, பொது வார்டில் ஒரு ஊசி போட்டுத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்கள். அரசுத் தரப்புக் கணக்கில் அது 'சிகிச்சை அளிக்கப்பட்டது'.

என் குமாஸ்தா அண்ணன் ஆற்காட்டுக்காரர், அவர் மைத்துனர் ஆயுதப்படையில் இருக்கிறார். குமாஸ்தா அண்ணன் சொன்னதையும் எழுத வேண்டும். 'அவங்க இன்னா பண்ணுவாங்க மேடம், நைட்டு பந்தோபஸ்து முடிச்சிட்டு தூங்காம வந்து கைதியக் கூட்டிகினு நிக்கணும், சோறும் கெடையாது.' அது உண்மை. எனக்கு அந்தப் போலீஸ்காரர்கள் மேல் கோபம் கிடையாது. ஒரு மனிதனுக்கு எப்போது வைத்தியம் என்பதை அன்றைக்கு எந்த அமைச்சர் எந்த ஊருக்கு வருகிறார் என்பது தீர்மானிக்கிற ஏற்பாட்டின் மேல்தான் கோபம்.

தாமதம் ஏன் இவ்வளவு கெடுதல் என்பதை எனக்கு விளக்கியது எங்கள் ஊர் டாக்டர் ஒருவர், பெயர் போட வேண்டாம் என்றார். சிறுநீரகம் இப்படி இறங்கிக்கொண்டே போனால் ஒருநாள் டயாலிசிஸ் வேண்டும். அதற்கு முன்பே கையில் ஒரு சின்ன அறுவை செய்து, ரத்தக் குழாய் இரண்டை இணைத்து ஃபிஸ்டுலா போட்டு வைக்க வேண்டும். அது பலமாகி ஊசி தாங்கும் நிலைக்கு வர ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம் ஆகும். முன்கூட்டிப் போடாமல் விட்டால், மூச்சுத் திணறி விழுந்த பிறகு கழுத்தில் குழாய் சொருகித்தான் டயாலிசிஸ் தொடங்க வேண்டும், அந்தக் குழாய் வழியாகத் தொற்று ஏறினால் உயிருக்கே ஆபத்து. ஆக தவறிப்போன ஒவ்வொரு ஓ.பி. நாளும் அவர் கழுத்துக் குழாயை நோக்கி ஒரு வாரம் நகர்ந்தார்.

வேலூர்க்காரர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் அதிகமாக வலிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே பாபு ராவ் தெருவில் நடந்தால் போர்டெல்லாம் வங்காளியில் இருக்கும். மேற்கு வங்கத்தில் இருந்தும் அஸ்ஸாமில் இருந்தும் இரண்டு நாள் ரயில் ஏறி வருகிறார்கள், வங்கதேசத்தில் இருந்து மருத்துவ விசா வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர் இங்கே வந்து கிட்னிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வது எங்கள் ஊரில் தினசரிக் காட்சி. அக்கா அந்தத் தெரு வழியாகத்தான் என் ஆபீசுக்கு நடந்து வருவார்.

அதே வேலூரில் கோட்டை இருக்கிறது. 1815இல் ஆங்கிலேயர்கள் பிடித்த கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை இங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள், 1832இல் இங்கேயே இறந்தார், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவருக்குத்தான். அதற்கும் முன்னால் திப்புவின் குடும்பத்தை வைத்திருந்த திப்பு மகாலில், 1990களில் ஈழப் போராளிகளை வைத்துச் சிறப்பு முகாம் நடந்தது. 1995 ஆகஸ்டில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பித்தார்கள். அப்போது நான் சின்னப் பிள்ளை. அப்பா சைக்கிளில் கோட்டைப் பக்கம் கூட்டிப் போனபோது அகழிக் கரை முழுக்கக் கூட்டம், எல்லோரும் அந்தப் பக்கம் கையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் எங்கள் ஊரில் சிறப்பு முகாம் என்றாலே சுரங்கக் கதைதான் வரும். அங்கே அடைபட்டிருந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள் என்று ஒருவர் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. நானும் கேட்டதில்லை, அக்கா வரும் வரை.

சட்டத்துக்கு வருகிறேன். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சிறப்பு முகாம் சட்டப்படி சிறை அல்ல, 'தங்கும் இடம்'. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சிறை என்றால் 1894ஆம் வருடத்துச் சிறைச் சட்டம் இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று கைதி சொன்னால் தாமதமில்லாமல் மருத்துவப் பணியாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது, ஒவ்வொரு சிறையிலும் ஆஸ்பத்திரி அல்லது நோயாளிகளுக்குத் தனி இடம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. தண்டனைக் கைதிக்கு முடியும் தேதி உண்டு, பரோல் உண்டு. 'தங்கும் இடத்தில்' இருப்பவருக்கு இது எதுவும் தானாகக் கிடைக்காது. வெளியே போக முடியாது என்பதில் மட்டும் அது சிறை.

நான் முதலில் எழுதிய மனு விடுதலை கேட்டது. அறுபது பத்தி. என் சீனியரிடம் காட்டினேன், எழுபது வயதைத் தாண்டியவர், படித்து முடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். 'ஏம்மா, இவனை வெளியே விடணும்னு கேக்கறியா, இவன் உயிரோட இருக்கணும்னு கேக்கறியா?' என்றார். சிறப்பு முகாம் என்ற ஏற்பாடு செல்லும் என்று உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது, அதை எதிர்த்து மோதினால் மனு வருடக்கணக்கில் கிடக்கும், அதற்குள் கிரியேட்டினின் காத்திருக்காது. வைத்தியத்தை மட்டும் கேள் என்றார்.

கேட்டேன். விடுதலைப் பத்திகளையெல்லாம் அடித்துவிட்டு, ஒன்பது பத்தியில், அரசைத் தன் கடமையைச் செய்யச் சொல்லும் செயலுறுத்தும் நீதிப் பேராணை கேட்டு மனு. இந்த முடிவு சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. வைத்தியம் மட்டும் கேட்கும்போது, 'அடைத்து வைத்திருப்பதைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை' என்று சொல்லாமல் சொல்கிறோம். அவரை நோயாளியாக்கியதில் அந்த அடைப்புக்கே பெரிய பங்கு இருக்கும்போது அப்படிச் சொல்வது தொண்டையில் சிக்கிய முள் மாதிரி. ஆனால் அக்காவிடம் இரண்டையும் விளக்கிக் கேட்டபோது அவர் ஒரு நொடி யோசிக்கவில்லை. 'முதல்ல அவர் இருக்கட்டும் பிள்ளை.'

வாதத்துக்கு என்ன இருக்கிறது? இந்தியா 1951ஆம் வருட அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று நிறைய வக்கீல்களே நினைக்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். உயிர் வாழும் உரிமை 'எந்த நபருக்கும்' என்றுதான் இருக்கிறது, குடிமகனுக்கு என்று இல்லை. 1981இல் பிரான்சிஸ் கொரலி முல்லின் வழக்கு, அவர் திகார் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த பிரிட்டிஷ் பெண். வக்கீலையும் பிள்ளையையும் பார்க்க விடாமல் செய்ததை எதிர்த்துத்தான் கோர்ட்டுக்கு வந்தார். வாழ்வது என்றால் வெறுமனே மூச்சு விடுவதல்ல, மனித கண்ணியத்தோடு வாழ்வது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்தத் தீர்ப்பில்தான். இன்றைக்கு நாமெல்லாம் நம் உரிமைக்காக எடுத்துக் காட்டும் வரி, காவலில் இருந்த ஒரு வெளிநாட்டவர் வாங்கிக் கொடுத்தது. 1996இல் அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாக இருந்த சக்மா மக்கள் வழக்கில், குடிமகனோ இல்லையோ ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காக்க அரசு கடமைப்பட்டது என்றார்கள்.

எனக்கு மிகவும் உதவியது அதே 1996இல் வந்த வேறொரு தீர்ப்பு. மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்பவர் 1992இல் ரயிலில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பியது, கடைசியில் செலவு செய்து தனியாரில் பார்த்தார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், உயிர் காக்கும் வைத்தியத்தை மறுக்க அரசு பணமில்லை என்று காரணம் சொல்ல முடியாது என்றது. அதைப் படித்த அன்றுதான் என் மனுவின் ஆறாவது பத்தி பிறந்தது. பணம் இல்லை என்பதே காரணம் ஆகாது என்றால், இரண்டு போலீஸ்காரர் இல்லை என்பது எப்படிக் காரணம் ஆகும்?

ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. அதன் 12ஆம் பிரிவு உடல்நல உரிமை. 2000இல் அதற்குக் கொடுத்த விளக்கத்தில், சிறைக் கைதிகள், காவலில் இருப்பவர்கள், புகலிடம் கேட்பவர்கள், ஆவணம் இல்லாமல் வந்தவர்கள் யாருக்கும் மருத்துவத்தை மறுக்கவோ குறைக்கவோ கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அப்புறம் 2015இன் நெல்சன் மண்டேலா விதிகள், 27ஆம் விதி. மருத்துவம் சார்ந்த முடிவைப் பொறுப்புள்ள மருத்துவர்கள்தான் எடுக்க வேண்டும், மருத்துவர் அல்லாத சிறைப் பணியாளர் அதை மாற்றவோ கண்டுகொள்ளாமல் விடவோ கூடாது. நம் கோர்ட்டில் இது சட்டமாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் நீதிபதி கையில் கொடுத்தால் படிப்பார்.

படித்தார். அரசுத் தரப்பு பதில் பிரமாணப் பத்திரத்தில், மனுதாரரின் கணவர் பலமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார், உடல்நிலை 'ஸ்டேபிளாக' உள்ளது என்று எழுதியிருந்தார்கள். கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் ஒரு வருவாய்த்துறை அதிகாரி. நான் நோட்டில் இருந்து தட்டச்சு செய்த தேதிப் பட்டியலையும், 'அவசரம்' சீட்டையும், மூன்று ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் காட்டினேன். நீதிபதி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: 'ஸ்டேபிள் என்று சொன்னது எந்த டாக்டர்?' அரசு வக்கீல் கட்டைத் திருப்பினார், இன்னொரு தடவை திருப்பினார், அவகாசம் கேட்டார். மதியம் திரும்ப எடுத்தார்கள். மூன்று நாளுக்குள் சிறுநீரக மருத்துவர் பார்க்க வேண்டும், டாக்டர் குறிக்கும் தேதிகளில் வழிக்காவல் தவறாமல் தர வேண்டும், தர முடியாவிட்டால் அன்றைக்கே எழுத்தில் காரணம் பதிய வேண்டும், மருத்துவ ஆவணங்களின் நகலை மனைவிக்குக் கொடுக்க வேண்டும். உத்தரவு ஒன்றரைப் பக்கம்தான். அக்கா பின்வரிசையில் இருந்தார், ஆங்கிலத்தில் நடந்தது எதுவும் அவருக்குப் புரியவில்லை, வெளியே வந்து நான் தமிழில் சொன்னபோது எந்தத் தேதி என்று மட்டும் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

எல்லோருக்கும் இப்படி நேரத்தில் வாய்ப்பதில்லை. சாந்தனை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. ராஜீவ் கொலை வழக்கில் முப்பத்தோரு வருடம் சிறையில் இருந்தவர். 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது, மறுநாள் எங்கள் தொரப்பாடி ஜெயிலில் இருந்துதான் வெளியே வந்தார். வந்த கையோடு திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள், இலங்கைக் குடிமகன் என்பதால். அங்கே கல்லீரல் கெட்டது. அம்மாவைப் பார்க்க வேண்டும், யாழ்ப்பாணத்துக்கு அனுப்புங்கள் என்று கோர்ட் வரை கேட்டார். நாட்டைவிட்டுப் போக அனுமதி 2024 பிப்ரவரி கடைசியில்தான் வந்தது, அப்போது அவர் சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் படுத்துவிட்டார், 28ஆம் தேதி காலை இறந்தார். அந்த வழக்கைப் பற்றி உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும், விடுதலை ஆன மனிதனைப் பதினைந்து மாதம் அடைத்து வைத்துக் கடைசியில் பெட்டியில் அனுப்பியதை என்னால் ஏற்க முடியாது. அன்று காலை செய்தி பார்த்த அக்கா எனக்குப் போன் செய்தார். எதுவும் பேசவில்லை, கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தார்.

அவர் கணவர் போக நினைத்த நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியா கடலில் வந்தவர்களை மானுஸ் தீவிலும் நவுருவிலும் வைத்திருந்தது. 2014இல் ஹமீத் கசாயி என்ற ஈரானிய இளைஞருக்கு மானுஸ் தீவில் காலில் தொற்று. உடனே வெளியே கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் எழுதினார். கான்பெராவில் இருந்த அதிகாரிகள் ஏன் இங்கேயே பார்க்க முடியாது என்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிஸ்பேன் கொண்டுவந்தபோது நேரம் கடந்துவிட்டது, இருபத்து நான்கு வயதில் இறந்தார். தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று 2018இல் மரண விசாரணை அதிகாரி எழுதினார். அப்புறம் அங்கே வக்கீல்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கினார்கள், அந்த வழக்குகளின் அழுத்தமும் சேர்ந்துதான் 2019 தொடக்கத்தில் மெடிவாக் சட்டம் வந்தது. இரண்டு டாக்டர்கள் சொன்னால் அமைச்சர் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், மருத்துவக் காரணத்தை மறுத்தால் அது மருத்துவக் குழுவுக்குப் போகும். ஏறத்தாழ 190 பேர் அதன் வழியாக வைத்தியத்துக்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்தார்கள். அதே வருடம் டிசம்பரில் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். 2021இல் கிறிஸ்துமஸ் தீவில் அடைபட்டிருந்த ஈழத் தமிழ்க் குடும்பத்தின் கடைக்குட்டியை, ரத்தத்தில் தொற்று ஏறிய நிலையில் பெர்த் நகரத்து ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் தூக்கிப்போனார்கள். நாலு வயது நிரம்பும் நாட்களில்.

இடமும் பணமும் வேறு, கேள்வி ஒன்றேதான்: இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா என்று முடிவெடுப்பது டாக்டரா, காவலா? மெடிவாக் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அந்த 72 மணி நேரம்தான். நம் ஊரில் எந்த உத்தரவிலும் மணிக்கணக்கு இல்லை.

சரி, எல்லாம் நம் பக்கம் என்று நினைக்காதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு இலங்கைத் தமிழர் தன்னை நாடு கடத்தக் கூடாது என்று கேட்டார். தண்டனை முடிந்து ஏறக்குறைய மூன்று வருடமாக முகாமில் அடைபட்டிருந்தவர், மனைவிக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பிறவியிலேயே இதய நோய் என்று மனுவில் இருந்தது. உலகம் முழுவதிலும் இருந்து வருபவர்களை வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரமா என்று கேட்டுத் தள்ளுபடி செய்தார்கள். தங்கும் உரிமை கேட்டால் கதவு அப்படி மூடுகிறது. இருக்கும் வரை வைத்தியம் கொடு என்று கேட்டால் ஒரு பலகை திறக்கிறது. அந்தப் பலகை வழியாக எத்தனை பேரை எடுக்க முடியும் என்பதுதான் இப்போது என் கவலை.

முகாமில் யாராவது உறவினர் இருப்பவர்கள் இதைப் படித்தால், அக்கா செய்ததைச் செய்யுங்கள். நோட்டு போடுங்கள். ஒவ்வொரு போனையும் தேதியோடு எழுதுங்கள், ஓ.பி. சீட்டைக் கையில் கொடுத்த உடனே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'மறுபடி வரவும்' என்று டாக்டர் எழுதினால், எத்தனை நாளுக்குள் என்று எண் போட்டு எழுதச் சொல்லிக் கேளுங்கள், நாள் எண் இல்லாத சீட்டு கோர்ட்டில் பாதிச் சீட்டுதான். மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் வருடத்து மருத்துவக் கவுன்சில் நெறிமுறையில் இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், எந்த நாட்டவராக இருந்தாலும், இலவச வக்கீல் கேட்கலாம், 1987ஆம் வருடத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. எல்லா மாவட்ட கோர்ட்டிலும் அந்த ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது, 15100க்குப் போன் செய்தாலும் போதும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மட்டும் ஒரு தடை இருக்கிறது, அதில் குடிமக்கள்தான் கேட்க முடியும். முகாமிலேயே பிறந்து இருபது வயதான பெண்ணாலும் தன் அப்பா எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று அதன்படி கேட்க முடியாது. அதனால் நான் என் பெயரில் கேட்டேன்: ஒரு வருடத்தில் வழிக்காவல் இல்லாததால் ரத்தான மருத்துவமனைப் பயணங்கள் எத்தனை? 'தகவல் தொகுக்கப்படவில்லை' என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறேன். நீங்களும் கேட்கலாம், பத்து ரூபாய்தான்.

அக்காவின் கணவருக்கு ஃபிஸ்டுலா போட்டாகிவிட்டது, இடது கையில். அது பலமாகும் முன்பே இரண்டு வாரம் கழுத்துக் குழாயில் ஓட்ட வேண்டி வந்தது, தொற்று வரவில்லை. இப்போது வாரம் இரண்டு டயாலிசிஸ். எஸ்கார்ட் வருகிறது. இரண்டு முறை வரவில்லை, இரண்டு முறையும் காரணம் எழுத்தில் பதிவாகியிருக்கிறது, அந்தத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. போன செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்து, 'இண்டைக்கு அரை மணித்தியாலம் முன்னமே வந்துட்டினமாம்' என்றார்.

அவரை வேலூர்ப் பக்கம் மாற்றி, மனைவி மக்களோடு மறுவாழ்வு முகாமிலேயே இருந்து டயாலிசிஸ் செய்துகொள்ள அனுமதி கேட்டு இரண்டாவது மனு தாக்கல் செய்திருக்கிறேன். முதல் மனுவில் அடித்த பத்திகளில் பாதி இதில் திரும்ப வந்துவிட்டது. சீனியர் படித்தார், ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். கோடை விடுமுறை முடிந்து முதல் வாரம் வருகிறது. அக்கா இரண்டாவது நோட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், குமாஸ்தா அண்ணன் தட்டச்சுக்கு எடுத்து வைத்திருக்கிறார்.